அக்காவுக்கு வந்த பாஷை

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நல்ல சுகம். உன் மனைவிக்கு முதுகுவலி குறைந்ததா? பெரியவள் பரீட்சை முடித்துவிட்டாளா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. நீ வழக்கமாக எழுதுகிற மாதிரி "அனைவரும் நலம்" என்று ஒரே வரியில் முடித்தால் அடுத்த கடிதத்துக்கு நான் ஸ்டாம்ப் ஒட்டாமல் அனுப்புவேன்.

ஒரு செய்தி. கேட்டால் நீ குதிப்பாய் என்று தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை உன் அத்தானும் நானும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டோம். சபைக் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. பாஸ்டர் முன்பு டாக்சி ஓட்டியவர், கை இரும்பு மாதிரி. "மூச்சைப் புடிச்சுக்கோங்க சிஸ்டர்" என்றார். பிடிப்பதற்குள் அமுக்கிவிட்டார். வெளியே வந்ததும் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். நான் "ஐயோ, குளிருது!" என்று கத்தினேன். சபையே சிரித்தது. உன் அத்தானும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது தெரியுமா?

நம்மைக் குழந்தையில் தூக்கிக்கொண்டு போய்த் தெளித்த தண்ணீர் கணக்கில்லை என்கிறார்கள். தானாக விசுவாசித்து, தானாகக் கேட்டு எடுக்க வேண்டுமாம். எனக்கு அதில் பெரிய வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இருதய வால்வு ஆபரேஷன் முடிந்து உன் அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த மாதங்களில், இந்தச் சபைக்காரர்கள்தான் தினமும் வந்தார்கள். என் துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தொட்டியில் இறங்கச் சொன்னால் நான் இறங்காமல் இருப்பேனா?

ஒரே ஒரு குறை. எனக்கு இன்னும் ஆவியின் அபிஷேகம் வரவில்லை. ஆவியானவர் வந்ததற்கு அடையாளம், பேசுகிறவருக்கே புரியாத அந்நிய பாஷை வாயில் வருவது என்பது சபையின் போதனை. உன் அத்தானுக்கு வந்துவிட்டது. எனக்குப் பிறகு சபைக்கு வந்த காய்கறிக் கடைக்கார அம்மாவுக்கும் வந்துவிட்டது. அபிஷேகத்துக்காக வெள்ளிக்கிழமை நடக்கிற காத்திருப்புக் கூட்டத்தில் நான் மட்டும் ஊமை மாதிரி முழங்காலில் நிற்கிறேன்.

இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. தையல் கூடத்துக்கே போடு. வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் உரக்கப் படிப்பார். உன் கிண்டலை அவர் தாங்கமாட்டார். போனும் வேண்டாம். எங்கள் இரண்டு அறை வீட்டில் போனில் பேசினால் எப்போதும் மூன்று பேர் பேச்சுத்தான்.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. மனைவிக்கு முதுகுவலி போய்த் தோள்வலி வந்திருக்கிறது. பெரியவள் பரீட்சை எழுதிவிட்டாள். எப்படி எழுதினாய் என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எனக்குக் குளிர்கிடங்கில் வேலை. வெளியே வெயில், உள்ளே கம்பளிச் சட்டை, மூக்கு எப்போதும் ஒழுகல். இது ஒரு வரி இல்லை, எண்ணிக்கொள்.

முழுக்குக்காக நான் குதிக்கவில்லை. கொஞ்சம் வயிற்றெரிச்சல், அவ்வளவுதான். என்னைக் கேட்காமலேயே என்னை ஆண்டவர் பிள்ளை என்று சொல்லித் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். நானாகத் தேடிப் போய் வாங்கியதாக இருந்தால் நானே தொலைத்தும் இருப்பேன். என் சாவிக்கொத்தின் கதை உனக்குத் தெரியும்.

பாஷை விஷயம்தான் எனக்கு ஒப்பவில்லை. பாஷை வந்தால்தான் ஆவி வந்ததாக உங்கள் சபை சொல்கிறது. அத்தானை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு நீயும் நானும் அந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் ஜெபத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. நீ என் சட்டைக் கையைத் திருகிக்கொண்டே இருந்தாய். அன்று நம்மோடு யாரும் இல்லை என்றா சொல்கிறாய்? இருந்தார் என்று நான் நம்புகிறேன். வாய் திறக்காதவனுடைய ஜெபம் அவருக்குக் கேட்காது என்றால் எனக்கு வேறு கதி இல்லை.

அது கிடக்கட்டும். அத்தான் மாதாமாதம் இரத்தப் பரிசோதனைக்குப் போகிறாரா? டாக்டர் நம் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்: உள்ளே இருப்பது உலோக வால்வு, இரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை ஆயுள் முழுக்க விடக்கூடாது. இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

தம்பி


மார்ச் 19

அன்புள்ள தம்பி,

நீயும் குடும்பமும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உன் மனைவியைத் தோளில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீயே கொடுத்தாலும் குறைந்துபோக மாட்டாய்.

வந்துவிட்டது! போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்கு அபிஷேகம் வந்துவிட்டது. என்னைச் சுற்றி ஆறேழு பெண்கள் அழுதார்கள், கட்டிப் பிடித்தார்கள், என் முக்காடு எங்கே போனது என்றே தெரியவில்லை. காய்கறிக் கடை அம்மா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள், அடையாளம் இன்னும் இருக்கிறது. உன் அத்தான் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிப் பிடித்ததில்லை.

என்ன பேசினேன் என்று மட்டும் கேட்காதே. அதெல்லாம் பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

இப்போது அவர் லிஃப்ட் வேலைக்கு முழுநேரமும் போகிறார். காலையில் முகச்சவரம் செய்யும்போது பாடுகிறார். மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டுகிறார், இவர் அதையும் தாளமாக எடுத்துக்கொள்கிறார்.

தையல் கூடத்தில் மணி அடித்துவிட்டார்கள். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். ஒத்தடம் கொடுத்தேன், சூடு அதிகம் என்று திட்டு வாங்கினேன்.

உனக்குச் சந்தோஷம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். நான் ஒன்றும் பெரிய விசுவாசி இல்லை, உன்னைத் தராசில் போட்டு நிறுக்க. எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கைப்பிடி ஆட்கள். அச்சடித்த ஜெபத்தைப் படிக்கிறோம். பாதியில் என் மனம் கிடங்குக்குப் போய் எந்தக் கதவு சரியாக மூடவில்லை என்று பார்த்துவிட்டு வரும். திரும்பி வரும்போதும் அந்த ஜெபம் அங்கேயே இருக்கும், எனக்குப் பதிலாக மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது போதும் என்று இருக்கிறேன். உங்கள் பாஸ்டர் என்னை உயிரில்லாதவன் என்று சொல்லக்கூடும். சொல்லட்டும்.

ஆனால் நான் ஒன்று கேட்டிருந்தேன். நீ ஒத்தடத்தைப் பற்றி எழுதினாய், கன்னத்தைப் பற்றி எழுதினாய், மேல் வீட்டுக்காரரைப் பற்றிக்கூட எழுதினாய். இரத்தப் பரிசோதனையைப் பற்றி எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த முறை முதல் வரியில் எழுது.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பள்ளிச் சீருடை ஆர்டர் மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது. காலர் தைத்துத் தைத்துக் கண்ணை மூடினாலும் காலர்தான் தெரிகிறது.

அவர் சுகமாக இருக்கிறார். நாலு மாடி ஏறி இறங்குகிறார். மூச்சு வாங்குவதில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் முகத்தில் இரத்தம் வந்திருக்கிறது என்கிறார்கள். சுகமாக இருக்கிறவரைப் பற்றி வேறென்ன எழுத?

பெரியவளுக்கு என் முத்தம்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நீ சொன்னதை மீறி நேற்று உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். குரல் அவ்வளவு உற்சாகம். "இரத்தப் பரிசோதனைக்குப் போறீங்களா அத்தான்?" என்றேன். "எதுக்கு மச்சான்? கர்த்தர் எனக்குப் புது இருதயம் கொடுத்துட்டாரே. மாத்திரையெல்லாம் அன்னைக்கே விட்டாச்சு. உங்க அக்கா சொல்லலையா? அவ வாயாலதானே வந்துச்சு அந்த வார்த்தை!" என்றார்.

என்ன வார்த்தை? உன் வாயால் என்ன வந்தது? பேசுகிறவருக்குத் தெரியாது என்று எழுதினாயே, அவருக்கு எப்படித் தெரிந்தது? நீ எதை மறைக்கிறாய் என்று தெரியாமல் எனக்குக் கிடங்கில் ஒரு வேலையும் ஓடவில்லை. தவறான கதவைத் திறந்து வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எழுது. எல்லாவற்றையும் எழுது.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பி,

சாப்பாட்டு இடைவேளையில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காத்திருப்புக் கூட்டத்தில் முழங்காலில் நின்று ஒரே வார்த்தையை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நாக்கு மரத்துப்போகும். அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா எனக்காக அழுதுகொண்டிருந்தாள். யாரோ பெற்ற மகள், எனக்காக அப்படி அழுகிறாள். எதிர்ப் பக்கத்திலிருந்து உன் அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் எதையாவது பேசியிருப்பாய். எனக்கு வந்தது இதுதான்: "ஷிம்பாரா தொலோமினா காரித்தே."

தெரிகிறதா? சின்ன வயதில் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நான் வெளிநாட்டுத் தூதராக வருவேனே, அந்தப் பேச்சு. நீ மொழிபெயர்ப்பாளன். நான் என்ன உளறினாலும் நீ அப்பாவிடம், "பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கச் சொல்றார்" என்று சொல்வாய். நினைத்துப் பேசவில்லை தம்பி. ஆனால் இரண்டாவது முறை சொல்லும்போது அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நிறுத்தவில்லை. சுற்றி எல்லோரும் அப்படிச் சந்தோஷப்பட்டார்கள்.

அப்போது வியாக்கியான வரம் பெற்ற ஒரு சகோதரி எழுந்தாள். பள்ளிக்கூட டீச்சர், பொய் சொல்லத் தெரியாதவள். கண்ணை மூடிக்கொண்டு, "மகனே, உனக்கு நான் புது இருதயம் கொடுத்தேன், இனி மனுஷ கையின் உதவியைத் தேடாதே" என்று அர்த்தம் சொன்னாள். உன் அத்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பெட்டியைக் குப்பையில் கவிழ்த்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சபை மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. பாஸ்டரே இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்தான். ஆனால் ஒருவருக்கென்று தனியாக வார்த்தை வந்துவிட்டால் அதை மீறக்கூடாது என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை.

உன்னைக் கேட்டால் இது சபையின் குற்றம் என்பாய். இல்லை. நான் அந்தப் போதனைக்கு ஏற்ற மாதிரி நடித்தேன், அவர்கள் அதை நம்பினார்கள். என்னுடைய விசுவாசம் என்ன என்று கேட்டால், ஊசியில் நூல் அறுந்தால் "ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கோர்ப்பேன், அவ்வளவுதான். மருந்தையும் அவர்தான் கொடுக்கிறார் என்று நினைக்கிறவள் நான். அதை அன்று சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் ஆவியானவர் பெயரில் பொய் சொன்னவள் ஆவேன். அப்படிப் பொய் சொன்னவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்த கதையை ஞாயிறு பள்ளியில் நீயும்தான் படித்தாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. அவர் இவ்வளவு திடமாக இருப்பதைப் பார்க்கும்போது, நான் பொய்யாகப் பேசியதை ஆண்டவர் மெய்யாக்கிவிட்டாரோ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. மறுநாள் அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.

நான் என்ன செய்யட்டும்?

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்கா,

நான் சிரிக்கவில்லை.

அத்தானிடம் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே சொல்லிவிடு. ஆவியானவருக்குப் பயந்து ஒரு மனுஷனைச் சாகவிடுகிறாயா? நான் நம்புகிற ஆண்டவர் உன் உளறலுக்காக உன்னைத் தண்டிக்கிறவர் இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் இதை உறுதியாகச் சொல்வேன்.

குழம்பிலோ தேநீரிலோ மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கலாம் என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். இரத்தத்தைப் பார்க்காமல் கொடுத்தால் அளவு கூடி உள்ளேயே இரத்தம் கசியலாம் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? அத்தானே சம்மதித்து ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் வழி.

நானும் அத்தானுக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். தூதர் விளையாட்டு முழுவதையும் எழுதியிருக்கிறேன், அந்த மூன்று வார்த்தைகளோடு. உன் பேச்சை நம்பாவிட்டாலும் சாட்சிக்கு நான் இருக்கிறேன்.

லீவு கேட்டிருக்கிறேன். சரக்குக் கப்பல்கள் வரிசையில் நிற்கிற காலம், மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடியும் கேட்பேன்.

தம்பி


ஜூலை 26

அன்புள்ள தம்பி,

சொல்லிவிட்டேன்.

அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து, "அன்னைக்கு நான் பேசினது பாஷை இல்லைங்க. சின்ன வயசுல தம்பியோட விளையாடுறப்போ உளறினது" என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார், ஷூவைத் தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். பிரஷைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். "பைத்தியம், என்ன பேசினோம்னு பேசுறவங்களுக்கே தெரியாது. அதுதானே பாஷை? உனக்குத் தெரிஞ்சிருந்தா அது பாஷையே இல்லை" என்றார்.

"எனக்குத் தெரியுமே! அதைத்தானே சொல்றேன்!" என்று கத்தினேன்.

"தெரியும்னு உனக்குத் தோண வைக்கிறான் பிசாசு" என்று சொல்லி எனக்காக அங்கேயே ஜெபித்தார். எவ்வளவு அன்பாக ஜெபித்தார் தெரியுமா? எனக்கு அந்த பிரஷை எடுத்து என் மண்டையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

பாஸ்டரிடமும் போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனுஷன் தம்பி. உடனே உன் அத்தானைக் கூப்பிட்டு, "பிரதர், எதுக்கும் டாக்டரைப் பார்த்துடுங்க" என்றார். இவர், "உங்களுக்கே விசுவாசம் குறைஞ்சா நாங்க எங்க போறது பாஸ்டர்?" என்றார். இத்தனை நாள் அவர் மேடையில் நின்று போதித்ததையே இவர் அவருக்குத் திருப்பிச் சொன்னார்.

உன் அத்தான் உன் கடிதத்தையும் படித்தார். அவரே பதில் எழுதியிருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீயும் நானும் நினைத்தோம்.

அக்கா


ஜூலை 26

அன்பு மச்சானுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். வீட்டில் எல்லோருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். தூதர் விளையாட்டைப் படித்துச் சிரித்தேன், உங்கள் அக்கா சின்ன வயதில் எப்படி இருந்திருப்பாள் என்று கண்முன்னே வந்தது. என் மேல் உள்ள பிரியத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் இல்லை.

மச்சான், நான் லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்துத்தான் பழுதைக் கண்டுபிடிப்பேன். இந்த வால்வு வைத்த நாளிலிருந்து என் நெஞ்சுக்குள் கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று ஒரு சத்தம். உங்களுக்கெல்லாம் சாதாரணமாகக் கேட்காது, எனக்குக் கேட்கும். படுத்தால் கேட்கும். நம் பழைய கோயிலில் எல்லோரும் தலைகுனிந்து அமைதியாக இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் திரும்பி, கடிகாரம் இருக்கிறதோ என்று என் சட்டைப்பையைப் பார்ப்பார். அந்த அமைதியில்தான் ஆண்டவர் பேசுவார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அந்த அமைதியில் கேட்டது ஒன்றுதான், எப்போது நிற்கும் எப்போது நிற்கும் என்று. இந்தச் சபையில் கைதட்டிப் பாடும்போதுதான் முதல்முறையாக அது கேட்காமல் போனது. உங்கள் அக்கா பேசிய அன்றிலிருந்து வீட்டிலும் கேட்கவில்லை.

விளையாட்டில் பழகிய வார்த்தையாகவே இருக்கட்டும். அதை அவர் எடுத்துப் பயன்படுத்தக் கூடாதா? திரும்ப மாத்திரையைத் தொட்டால் அந்தச் சத்தம் திரும்ப வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். என்னை அங்கே திரும்பப் போகச் சொல்லாதீர்கள் மச்சான்.

அன்பு அத்தான்


ஆகஸ்டு 17

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். அத்தானுடைய கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன், மறுபடி உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். சபையின் போதனை தப்பு என்று நிரூபிக்க என்னிடம் நிறைய இருக்கிறது. அவருடைய பயத்துக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. அமைதியாக இருப்பதுதான் ஜெபம் என்று உனக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன்! ஆபரேஷனுக்கு லீவில் வந்திருந்தபோது பக்கத்து வரிசையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்த டாக்டரே பேசினார். நோயாளி வராமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். எங்கள் போதகரைக் கேட்டேன். நோயாளிகளுக்கான ஜெபத்தைப் புத்தகத்தில் காட்டினார். படித்தேன். நடுவில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

லீவு செப்டம்பர் கடைசியில்தான். டிக்கெட் எடுத்துவிட்டேன். நான் வந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டாவது போகிறேன். அதுவரை அவரைக் கனமான வேலை செய்யவிடாதே.

தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பி,

தந்தி மாதிரி ஒரு வரியை உன் போனுக்கு அனுப்பச் சொன்னேன், பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பினாளாம். "உயிருக்கு ஆபத்தில்லை" என்று போட்டதாகச் சொன்னாள். அது சரிதான். நீ என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். போனை எடுக்க எனக்குத் தெம்பு இல்லை. எழுதினால்தான் வரிசையாக வருகிறது.

பத்து நாளுக்கு முன்னால், காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை விழுந்தது. "என்னங்க" என்றேன். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வார்த்தையே இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பிறகு நாற்காலியோடு சரிந்தார். வால்விலிருந்து ஒரு இரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டதாம். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கைக்கும் காலுக்கும் அசைவு இல்லை. பேச்சும் இல்லை. "ம்பரா, ம்பரா" என்ற ஒரு சத்தம் மட்டும் வருகிறது. கோபமாகச் சொல்கிறார், கெஞ்சிச் சொல்கிறார், என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். எல்லாவற்றுக்கும் அதே சத்தம். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்பதும் டாக்டருக்கே உறுதியாகத் தெரியவில்லை. தலையாட்டுகிறார், ஆனால் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி ஆட்டுகிறார்.

சபையார் எல்லோரும் வந்தார்கள். துணி துவைத்தார்கள், அவருக்குப் படுக்கை மாற்றினார்கள். அவர் பேசுவதைக் கேட்டதும் காய்கறிக் கடை அம்மா கைகளை உயர்த்தி, "பாஷை பேசுறார்! படுக்கையிலயும் அபிஷேகம் அவரை விட்டுப் போகலை பாருங்க!" என்று அழுதாள். இரண்டு மூன்று பேர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்று அர்த்தம் சொன்ன டீச்சர் சகோதரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். பாஸ்டர் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார், ஜெபிக்கவில்லை.

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட நான் யார்?

மாத்திரையைத் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இனி ஒரு வேளையும் விடக்கூடாது என்று டாக்டர் என் கையைப் பிடித்துச் சொன்னார். இன்று காலையில் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "ம்பரா" என்றார். "வேணுமாங்க?" என்றேன். "ம்பரா." "வேண்டாமாங்க?" "ம்பரா." இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். தள்ளுகிறாரா, தன் பக்கம் இழுக்கிறாரா என்று தெரியவில்லை. என்னை அங்கே திரும்பப் போகச் சொல்லாதே என்று உனக்கு எழுதினாரே, அதைச் சொல்கிறாரா? இல்லை, பிழைக்க வை என்று சொல்கிறாரா? இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தினவள் நான். தெரியவில்லை தம்பி.

வாயைத் திறந்து நானே போட்டேன். விழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டேன். பிறகு நாள் முழுக்க என்னையே பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்கிறேன். எதற்குச் சரி என்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நாளைக் காலையிலும் மாத்திரை இருக்கிறது.

அக்கா